மாமியார் அளவெடுத்த நிழல்

என் மாமியாரை இதுவரை யாரும் ஏமாற்றியது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள், "பாவம், சின்ன வயசுல யாரோ நல்லா ஏமாத்தியிருப்பாங்க போல" என்று தாங்களே ஒரு கதை கட்டிக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மாமனார் பேருந்து ஓட்டியவர். வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்று இருந்துவிட்டு ஒரு காலையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மாமியாருடன் பிறந்தவர்களும் நல்லவர்கள்தான். ஏமாற்ற ஆள் இல்லாமல் இல்லை. இவர் இடம் கொடுத்தால்தானே.

ஊர் நடுவில் இருக்கும் சதுக்கத்தில் அவருக்கு ஒரு தையல் கடை. புதுத் துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, பேன்ட் உயரம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துத் தைப்பது இந்த மாதிரி வேலைகள். கடையின் அகலம் ஒரு கதவு. உள்ளே ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, உடை மாற்றிப் பார்க்க ஒரு திரை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. மெஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருப்பார். கால் மிதித்துக்கொண்டிருக்கும், கண் சதுக்கத்தை மேய்ந்துகொண்டிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், பூட்டிக் கிடக்கும் தபால் அலுவலகப் படியில் யார் வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் உளவுத்துறை.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவர் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்று சொல்லப் போன அன்று தேநீர் கொடுத்தார், அன்பாகப் பேசினார். மறுநாளே நான் வேலை பார்க்கும் கட்டிடத்துக்கு வந்து, "இந்த ஆள் நெசமாவே இங்க வேலை பாக்குறாரா, இல்ல கம்பெனிச் சட்டைய மட்டும் வாங்கி மாட்டியிருக்காரா?" என்று காவலாளியிடம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிட்டது. இன்றுவரை நான் பராமரிக்கும் லிஃப்டில் அவர் ஏறியதில்லை. "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல மாப்பிள்ளை. கயிறு மேலதான் இல்ல" என்பார்.

இப்படிப்பட்டவரின் கடைக்கு நேர் எதிரேதான் அந்தச் சுவரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

சதுக்கத்தின் நடுவில் தண்ணீர் வராத ஒரு நீரூற்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, ஒரு பேருந்தின் நீளத்துக்கு வெள்ளைக் கண்ணாடிச் சுவர் ஒன்றை நிறுத்தினார்கள். அது ஒரு கலைப்படைப்பு என்று நகராட்சி சொன்னது. சுவரின் முன்னால் நின்றால் நம் நிழல் அதில் பெரிதாக, கன்னங்கரேலென்று விழும். வெயில் நிழல் இல்லை. மேலே இருக்கும் கேமரா நம்மைப் பார்த்து வரையும் நிழல். இதே மாதிரி ஒரு சுவர், ரயிலில் அரை நாள் தூரத்தில் இருக்கும் இன்னொரு நகரத்துச் சதுக்கத்திலும் இருந்தது. அங்கே நிற்பவர்களின் நிழல் இங்கே தெரியும், நம் நிழல் அங்கே தெரியும். முகம் தெரியாது, குரல் கேட்காது. இந்த ஊர் நிழலும் அந்த ஊர் நிழலும் தொட்டுக்கொண்டால், தொட்ட இடத்திலிருந்து தண்ணீரில் மை கரைவது போல நிறம் பரவும்.

ஊரே அதன் முன்னால் போய் நின்றது. பழக்கடைக்காரர் முகம் தெரியாத ஒரு நிழலோடு கை குலுக்கிவிட்டு வந்து, கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். என் மகளுக்கு அங்கிருந்து வர மனமே இல்லை.

மாமியார் கடை வாசலைத் தாண்டவில்லை.

"நம்ம நிழலை எதுக்கு எடுக்குறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"சும்மா, வேடிக்கைக்குத்தான் அத்தை."

"சும்மா எவனாவது இத்தனை பெரிய கண்ணாடியை நட்டு வைப்பானா? சும்மா குடுக்குற சாமானுக்குத்தான் மாப்பிள்ளை விலை ஜாஸ்தி."

முதலில் அது ஆட்களைக் கண்காணிக்க வைத்த சுவர் என்றார். அப்புறம் யோசித்து, அந்த ஊர் நிழல்கள் எல்லாமே பொய், ஆட்களை நடிக்க வைத்துப் படம் பிடித்து ஓட்டுகிறார்கள் என்று முடிவுக்கு வந்தார். என் மனைவி, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிப் பார்த்தாள். "அரளாதவன் கண்ணுக்குப் பேயே மாப்பிள்ளை மாதிரிதான் தெரியும்" என்று பதில் வந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறவர் இல்லை அவர். தீர விசாரிக்க வேண்டும். ஒரு மத்தியானம் கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்து, கழுத்தில் கிடந்த அளவு டேப்போடு சுவரின் முன்னால் போய் நின்றார். எதிரே, அந்த ஊர்ப் பக்கம், ஒரு பெண்ணின் நிழல். தலையில் கொண்டை, தோளில் கைப்பை, ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. மாமியார் கையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். கையசைத்தால் கையசைப்பது யாரும் முன்கூட்டியே எடுத்து வைக்கக்கூடிய படம்தானே என்று, ஒற்றைக் காலைத் தூக்கினார். நிழல் ஒரு நொடி யோசித்தது. பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அதுவும் ஒற்றைக் காலில் நின்று தள்ளாடியது. மாமியார் டேப்பை உருவி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். அந்தப் பெண், அளவு கொடுக்க வந்தவள் மாதிரி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள்.

கடைக்குத் திரும்பியதும் எனக்குப் போன் வந்தது. "ஆள்தான்" என்றார். "ஆனா எப்படிப்பட்ட ஆள்னு தெரியணும். இதுக்குன்னே நிறுத்தி வச்ச ஆளா இருக்கலாம்."

அதிலிருந்து தினமும் மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டுச் சுவரிடம் போய்விடுவார். கண்காணிக்கப் போவதாகத்தான் எங்களிடம் சொல்வார். கொண்டைக்காரியும் பெரும்பாலும் வந்துவிடுவாள். கையை நீட்டுவாள். இவர் டேப்பை அவள் தோளிலிருந்து மணிக்கட்டு வரை, இடுப்பைச் சுற்றி, உயரத்துக்கு என்று நிதானமாகப் பிடிப்பார். டேப் தொட்ட இடமெல்லாம் நீலமும் சிவப்பும் ஊறிப் பரவும். ஒரு நாள் சாப்பாடு கொடுக்கப் போனபோது தள்ளி நின்று பார்த்தேன். கடையில் ஆட்களுக்கு அளவெடுக்கும்போது அவர் முகம் கடுகடுவென்றிருக்கும். அன்று அப்படி இல்லை. நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் டப்பாவைக் கடையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் கண் தன் வேலையை நிறுத்தவில்லை. "அந்த ஊர் நிழல்ல செருப்பு வாரைச் சரி பண்றானே ஒருத்தன், அவனைக் கவனிச்சீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார். நான் கவனிக்கவில்லை. "வர்றான், குனியுறான், வாரை இழுக்குறான், நிமிர்ந்து பிடறியைச் சொறியுறான், போறான். நேத்தும் அதே மாதிரி. போன வாரமும் அதே மாதிரி. எந்தச் செருப்பு மாப்பிள்ளை தினம் அதே இடத்துல அறும்?"

"பழைய செருப்பா இருக்கும் அத்தை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணத்துக்கு முன் காவலாளியிடம் இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாமோ என்ற வருத்தம் தெரிந்தது.

அதற்குச் சில நாள் கழித்து அது நடந்தது. மாமியார் வழக்கம் போலச் சுவரின் முன்னால் போய் நின்றார். கொண்டைக்காரி ஏற்கெனவே நின்றிருந்தாள். மாமியார் இன்னும் டேப்பைத் தொடவே இல்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கைகள் தாமாகவே நீண்டன. யாரோ அளவெடுப்பது போலத் திரும்பி நின்றாள், முகவாயைத் தூக்கினாள், கையை மடக்கினாள். எதிரே யாரும் அளவெடுக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"உடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு" என்று பிறகு சொன்னார். "செத்தவங்க எந்திரிச்சு வந்து தலைவாரிக்கிட்டுப் போன மாதிரி."

சுவரைப் பராமரிக்க வாரம் ஒரு முறை ஒரு பெண் வருவாள். ஏணி போட்டுக் கேமராவின் தூசியைத் துடைப்பாள், பெட்டியைத் திறந்து ஏதாவது பார்ப்பாள். அவள் வந்த நாளில் மாமியார் ஏணியின் அடியில் போய் நின்றுகொண்டார். அன்று எனக்கு விடுமுறை. துணைக்கு என்னையும் நிற்க வைத்திருந்தார்.

"இது படம்தானே? ஆள் இல்லாதப்ப பழைய நிழலை ஓட்டுறீங்க."

அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. "ஆமாம்மா. அந்த ஊர்ல யாரும் நிக்கலைன்னா சுவர் வெறிச்சுன்னு இருக்கும்ல. அதான் முன்னாடி வந்தவங்க நிழலைக் காட்டும். நெசமா யாராவது வந்துட்டா அது தானா மங்கி மறைஞ்சிரும். பலகையில போட்டிருக்கே."

சுவரின் ஓரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு பலகை இருந்தது. அத்தனையும் அதில் எழுதியிருந்தது. ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட என் மாமியார் அந்தப் பலகையை மட்டும் படிக்காமல் விட்டிருந்தார். குனிந்து இரண்டு முறை படித்தார். நிமிரும்போது முகம் மாறியிருந்தது.

"அப்ப என் நிழலும் அங்க ஓடுதா?"

"ஓடுதும்மா. நீங்க டேப் வச்சு அளக்குறது ரொம்ப அழகா வந்திருக்கு. அங்க அடிக்கடி வரும்."

"நான் இங்க உக்காந்து ஜிப் மாத்திக்கிட்டு இருப்பேன். அங்க நின்னு ஆளுங்களுக்கு அளவும் எடுத்துக்கிட்டு இருப்பேன். அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்று அந்தப் பெண் சிரித்தாள். மாமியார் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "வேண்டாம்னா எடுத்துடலாம்மா. நான் சொல்லிடுறேன். கொஞ்ச நாள் ஆகும்."

எடுத்துவிடச் சொன்னார். விஷயம் அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கை வைக்கவே இல்லை.

"அவ அங்க வந்து கையை நீட்டிக்கிட்டு நிப்பா" என்றார். "எதிர்ல நான் நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு."

"அம்மா, அவங்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு" என்றாள் என் மனைவி.

"பொழுதுபோக்கோ என்னவோ. நான் யாரையும் ஏமாத்தினதில்ல. இப்ப என்னைக் கேக்காமலே என்னை வச்சு ஒருத்தியை ஏமாத்திக்கிட்டு இருக்காங்க. நான் நேர்ல போய்ச் சொல்லிட்டு வரேன்."

முகம் தெரியாது, பெயர் தெரியாது, கொண்டையையும் தோளையும் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தில் ஆளைத் தேடுவதா என்றோம். கேட்கவில்லை. மனைவி என் பக்கம் திரும்பினாள். அடுத்த விடுமுறையில் விடியும்போது நான் மாமியாரோடு ரயிலில் இருந்தேன். கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்து, கைக்கு மேல் சால்வையையும் போட்டுக்கொண்டார். எதிர் இருக்கைக்காரர் தூங்குவது போல நடிக்கிறார் என்று என் காதில் சொன்னார். அவர் குறட்டை விட்ட பிறகு, குறட்டையும் சரியில்லை என்றார்.

அந்த ஊர்ச் சதுக்கம் எங்கள் சதுக்கத்தைவிடப் பெரியது. ஒரு பக்கம் முழுக்க ஆஸ்பத்திரி. நடுவில் அதே சுவர். மாமியார் அதன் முன்னால் போகாமல் கேமராவுக்கு எட்டாத ஓரமாக நின்றுகொண்டார். வெயில் ஏறியது, ஆட்கள் குறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒரு நிழல் எழுந்தது. பருத்த, கொஞ்சம் கூனிய உருவம், கையில் டேப். காற்றுக்கு அளவெடுத்தது.

மாமியார் அசையாமல் பார்த்தார். "நான் இவ்வளவு கூனியா நிக்கிறேன்?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். வேலை உடுப்பு, கொண்டை, இறங்கிய தோளில் கைப்பை. நேராகச் சுவரின் முன்னால் போனாள், பையை வைத்தாள், இரண்டு கைகளையும் நீட்டினாள். மாமியாரின் நிழல் டேப்போடு அவளை நெருங்கியது. ஆனால் டேப் அவள் தோளில் படவில்லை. ஒரு கை தள்ளி, வெறுமையில் ஓடியது. அவள் நகர்ந்து கொடுத்தாள். மறுபடியும் படவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.

மாமியாரால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. நேரே அவளிடம் போனார்.

"அம்மா, கையை இறக்குங்க. அது நான் இல்ல. அதாவது, அது நான்தான். ஆனா நான் அங்க இல்ல, இங்க இருக்கேன்."

அந்தப் பெண் சட்டென்று பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "யாரு நீங்க? என்ன விக்கிறீங்க?"

"ஒண்ணும் விக்கல. அந்த ஊர்லேர்ந்து வரேன். தினமும் உங்களுக்கு அளவெடுக்கிறது நான்தான்." டேப்பை எடுத்துக் காட்டினார்.

"டேப் எந்தக் கடையிலயும் கிடைக்கும்."

"முதல் நாளு ஒத்தைக் கால்ல நின்னோமே."

"அதை ஊரே பார்த்துச்சு."

"உங்களுக்கு வலது தோள் ஒரு விரல் அளவு இறக்கம்."

"கண்ணு இருக்குற யாருக்கும் தெரியும் அது" என்றவள் என்னைக் காட்டி, "அவர் யாரு? எதுக்கு அங்கேயே நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு?" என்றாள்.

"அது எங்க மாப்பிள்ளை."

"நீங்க சொல்றீங்க."

மாமியார் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார். கேட்டே பழகியவர், பதில் சொல்லிப் பழக்கமில்லை. நான் போய் என் கம்பெனி அட்டையைக் காட்டினேன். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக் காவலாளி வேறு எங்களைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்.

ஆனால் மாமியாருக்குக் கோபம் வரவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடையில் நல்ல துணி வந்தால் இரண்டு விரலால் நிரடிப் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

"சரி, நீங்களே சொல்லுங்க. என்ன செஞ்சா நம்புவீங்க?"

அவள் யோசித்தாள். "உங்க ஊருக்குத் திரும்பிப் போங்க. நாளைக்கு மத்தியானம் அந்தச் சுவர் முன்னாடி நில்லுங்க. நான் இந்தப் பையைத் தலையில வைப்பேன். நீங்க பதிலுக்கு ஒரு செருப்பைக் கழட்டித் தலையில வைக்கணும். வேற யாருக்கும் இது தெரியாது. செஞ்சா நம்புறேன்."

"நல்ல யோசனை" என்றார் மாமியார், மனதார.

திரும்பும் ரயிலில் வழியெல்லாம் அவளைப் பற்றித்தான் பேச்சு. "விவரமான பொம்பளை. பேரைக் கேட்டேன், சொல்லலையே. அதான் சரி. முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட யாராவது பேரைச் சொல்வாங்களா?"

மறுநாள் மத்தியானம் போய் நின்றார். நானும் வேலையில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சுவரில் கொண்டைக்காரியின் நிழல் வந்தது. கையை நீட்டியது, திரும்பியது, முகவாயைத் தூக்கியது. பழைய நிழல். உண்மையான ஆள் வரவில்லை. மாமியார் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே இருந்தார். சுற்றியிருந்த கடைக்காரர்கள் பேருந்துக்காக நிற்பது போல நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவர் கடைக்குத் திரும்பி ஒரு பேன்டின் ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். "விடுங்க மாப்பிள்ளை" என்றார்.

அதற்கடுத்த நாள் நான் போகவில்லை. ஒரு லிஃப்ட் நடுமாடியில் நின்றுவிட்டது. நடந்ததைப் பழக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பழைய நிழல் கையை நீட்டி நின்றிருக்கிறது. ஓரத்திலிருந்து இன்னொரு நிழல் அவசரமாக வந்திருக்கிறது. அதே கொண்டை, அதே தோள். ஒரு கணம் இரண்டு கொண்டைக்காரிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்களாம். பிறகு பழையது மங்கி மறைந்திருக்கிறது. வந்தவள் பையைத் தூக்கித் தலையில் வைத்திருக்கிறாள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றி, சதுக்கமே பார்க்கத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாராம். அந்த நிழல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்திருக்கிறது.

"வந்துட்டாளே அத்தை" என்றேன், சாயங்காலம்.

"வந்தா. ஒரு நாள் கழிச்சு வந்திருக்கா. ஏன்னு கேக்கணும்."

ஏன் என்பதை அவள் நேரில் வந்துதான் சொன்னாள். சுவர் முன்னால் டேப்போடு நிற்கும் பருத்த அம்மா என்ற அடையாளத்தை வைத்து, ஒரு விடுமுறை நாளில் விசாரித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை, மூட்டை சுமந்து சுமந்து தோள் இறங்கிவிட்டது, அன்று ஆள் குறைவு, வெளியே விடவில்லை. மாமியார் அவளை நிற்க வைத்து நிஜமாகவே அளவெடுத்தார். அவளுடைய வேலை உடுப்பைப் பிரித்து, அந்தத் தோளுக்குத் தக்கபடி தைத்துக் கொடுத்தார். அவள் அதைப் போட்டுக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணாடி ஒண்ணும் ஏமாத்தலையே அக்கா?" என்று கேட்டாள்.

மாமியாரின் நிழலை அந்தப் பராமரிப்புப் பெண் சொன்னபடி நீக்கிவிட்டாள். "இனிமே நான் நின்னாதான் நான்" என்றார் மாமியார். கொண்டைக்காரி தன்னுடையதை நீக்கச் சொல்லவில்லை. லீவு கிடைக்காத நாளில் அந்த நிழலாவது போய் நிற்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

நகராட்சியின் ஒப்பந்தம் முடிந்ததும் சுவரைக் கழற்றி எடுத்துப் போனார்கள். இப்போது அந்த இடத்தில் சைக்கிள்கள் நிற்கின்றன. இருவரும் வாரா வாரம் போனில் பேசிக்கொள்கிறார்கள். வெகுநேரம் பேசுவார்கள், அதில் பாதி கேள்விகள். போன ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்துப் போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "நல்லவதான்னு தோணுது" என்றார் மாமியார். "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்."